அந்த மஞ்சள் காயை விடுங்கோ

முதலில் குற்றத்தை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். எங்கள் சனசமூக நிலையத்துக் கரம் காய் ஒன்றை வெறுந்தேத்தண்ணிக்குள் இரவு முழுக்க ஊறப்போட்டுக் கெடுத்தது நான்தான். யாரும் செய்யச் சொல்லவில்லை. "எல்லாம் ஒரே கலரா இருந்தா வடிவா இருக்கும்" என்று எனக்கே தோன்றியது, செய்தேன். இந்தக் கட்டுரை அந்த "வடிவா இருக்கும்" என்ற எண்ணத்துக்கு எதிரானது. எனக்கு நானே எழுதிக்கொள்ளும் கண்டனம் என்றும் இதை வாசிக்கலாம். ஆனால் இதில் நான் மட்டும் இல்லை. பழைய சாமான் ஒன்றில் ஒரு துண்டு மாறியிருக்கக் கண்டால் உடனே கை துறுதுறுக்கிற ஆக்கள் எல்லாரும் இருக்கிறீர்கள்.

கதை இதுதான். திருகோணமலைத் துறைமுகப் பக்கத்துக் குறுக்குத்தெரு ஒன்றில் இருக்கிற எங்கள் நிலையத்தில் ஒரு பழைய கரம் போட் இருக்கு. அதோடு ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் 19 காய்: கறுப்பு 9, வெள்ளை 9, சிவப்பு 1. "வெள்ளை" என்று பேர்தானே தவிர, இவ்வளவு காலக் கைவியர்வையும் பவுடரும் வெளிச்சமும் பட்டு எட்டுக் காயும் மாரி பிஸ்கட் நிறத்துக்கு வந்திட்டுது. ஒன்பதாவது மட்டும் வேறு. முட்டை மஞ்சட்கரு மாதிரி, எங்கிருந்து பார்த்தாலும் தனியாகத் தெரியும். நாங்கள் சின்னனில் அதை "மாம்பழம்" என்போம். "மாம்பழத்தை விழுத்து பாப்பம்" என்பதுதான் அந்த மேசையில் வழமையான சவால்.

மாம்பழம் எப்படி வந்தது என்பதை நிலையத்துப் பெரியப்பா நூறு தரம் சொல்லியிருப்பார். அவர் எனக்கு மட்டும் பெரியப்பா இல்லை, தெருவுக்கே பெரியப்பா. 1990இல் சண்டை மூண்டு சனம் ஊரை விட்டு ஓடினபோது அந்தத் தகரப் பெட்டியும் யாரோ ஒருத்தருடைய சாமான் மூட்டைக்குள் போயிருக்கு. சில வருசம் கழித்து ஆக்கள் திரும்பி வர, பெட்டியும் திரும்பி வந்தது. உள்ளே 18 காய். ஒரு வெள்ளை இல்லை. எந்த முகாமில், எந்தக் காட்டுப் பாதையில், எந்த வள்ளத்தில் விழுந்தது என்று ஒருத்தருக்கும் தெரியாது. கடையில் புதுச் செட் வாங்கக் காசும் இல்லை, அப்போது வாங்கக் கடையும் இல்லை.

வள்ளம் கட்டுகிற ஓடாவி ஒருத்தர் இருந்தார். முதிரைப் பலகைத் துண்டு ஒன்றில் காய் ஒன்று கடைந்து கொடுத்தார். முதிரை இயல்பிலேயே மஞ்சள், மினுக்கம், நல்ல பாரம். முதலில் கடைந்த காயைப் போட்டு அடித்துப் பார்த்தால், மற்றக் காய் ஓடுகிற தூரத்துக்கு அது ஓடவில்லையாம். "குண்டுக்கல்லு மாதிரிக் கிடக்கு" என்று பெடியள் சிரித்தார்களாம். ஓடாவி கோபிக்கவில்லை. நகைக்கடைக்காரரிடம் தராசு கேட்டு, பழைய காயையும் புதுக் காயையும் நிறுத்துப் பார்த்தார். புதுசு கிட்டத்தட்ட ஒரு கிராம் கூட. அரத்தாளில் தேய்த்தார், நிறுத்தார், திரும்பத் தேய்த்தார். கடைசியில் மற்றதுகளை விட ஒரு மயிரளவு மெல்லிசான, ஆனால் அதே எடையுள்ள ஒரு காய் வந்தது.

கவனியுங்கோ: எடையைப் பொருத்தினார், நிறத்தைப் பொருத்தவில்லை. அவரிடம் வார்னிஷ் இருந்தது, சாயம் இருந்தது. வள்ளத்துக்கு வர்ணம் பூசுகிற மனிசனுக்கு ஒரு மரக்காயை மண்ணிறமாக்கத் தெரியாதா? தெரியும். தேவையில்லை என்று விட்டார்.

அவர் விட்டதைத்தான் நான் போன வருசம் "திருத்த"ப் போனேன். பழைய ஊர்ப் படங்களையும் சாமான்களையும் வைத்து நிலையத்தில் ஒரு மூலையை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தோம். கரம் போட்டைப் படம் எடுத்தேன். எந்தக் கோணத்தில் எடுத்தாலும் மாம்பழம்தான் முதலில் கண்ணில் குத்தியது. பழைய எலும்பையும் மரத்தையும் தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டு வயசாக்குவார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். ஒரு கோப்பை கடும் தேத்தண்ணி, ஒரு இரவு. காலையில் எடுத்துப் பார்த்தால், ரியூப் லைட்டுக்குக் கீழே அச்சு அசலாக மற்ற எட்டுக் காயைப் போலவே இருந்தது. எனக்கு ஒரே புளுகம். வெளியே கொண்டுபோனேன். விறாந்தை வெயிலில் அது சிவந்த மண்ணிறமாக நின்றது, மற்ற எட்டும் மங்கல் மஞ்சளாக நின்றன. இரண்டு சாமான் ஒரு வெளிச்சத்தில் ஒரே நிறமாகவும் இன்னொரு வெளிச்சத்தில் வேறு நிறமாகவும் தெரிவது மாயம் இல்லை. வெவ்வேறு சாயப்பொருள் வெவ்வேறு விதமாக ஒளியைத் திருப்பி அனுப்பும், கண்தான் ஒரு விளக்குக்குக் கீழே ஏமாறும். அதை விட மோசம், மரம் தண்ணி குடித்து ஊதியிருந்தது. காய்ந்த பிறகு நார் எழும்பி, முகம் சொரசொர என்றாகிவிட்டது. ஸ்ட்ரைக்கரால் தட்டினால் பாதியிலேயே நின்றது.

பெரியப்பா கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். ஏசவில்லை. "பிள்ளை, இது ஆருக்குக் கரைச்சல் குடுத்தது?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன். மாறின துண்டின் நிறம் யாருக்குக் கரைச்சல் கொடுக்குது?

சில இடங்களில் உண்மையாகவே கொடுக்குது. அதை மறுத்தால் நான் வாதத்தில் கள்ள ஆட்டம் ஆடுகிறவராவேன். மாஜோங்கை எடுங்கள். சீனர்களின் ஆட்டம், 19ஆம் நூற்றாண்டில் உருவானது. பெயரில் சீனக்குடா இருக்கிற எங்கள் ஊரில் அதை ஆடுகிற ஒருத்தரையும் நான் கண்டதில்லை. ஆனால் நிறம் பொருத்துவது பற்றித் தேடிக்கொண்டு போனவள் போய் முட்டி நின்றது அங்கேதான். ஒரு சீனச் செட்டில் வழமையாக 144 சின்னக் கட்டைகள் இருக்கும். முகத்தில் படம், முதுகு வெறுமை. எல்லாவற்றையும் கவிழ்த்துக் கலக்கி, மதில் மாதிரி அடுக்கி, ஒவ்வொருவரும் எடுத்துத் தன் பக்கம் முகம் தெரிய நிறுத்திக்கொள்வார்கள். எதிரே இருப்பவர் காண்பது முதுகை மட்டும்தான்.

இப்போது ஒரு கட்டை தொலைந்து, வேறு செட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து போட்டால் என்ன நடக்கும்? அதன் முதுகு கொஞ்சம் வெளிறியிருந்தாலே போதும். அது என்ன கட்டை, யார் கையில் இருக்கு, மதிலில் எங்கே கிடக்கு என்று மேசையில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஆட்டமே முடிந்தது. அங்கே நிறம் என்பது நீதி சம்பந்தப்பட்ட விசயம்.

அதனால்தான் பழைய மாஜோங் செட் வைத்திருப்பவர்கள் ஒரு கட்டைக்காக மாதக் கணக்கில் அலைகிறார்கள். அலைச்சலுக்குக் காரணம் அந்தப் பொருட்களின் குணம். பழைய சீனச் செட்டுகளில் முகம் எலும்பு, முதுகு மூங்கில். இரண்டையும் ஆணி இல்லாமல் புறா வால் பூட்டுப் போட்டுச் சேர்த்திருப்பார்கள். எலும்பும் மூங்கிலும் இயற்கைப் பொருள், ஒவ்வொரு துண்டும் தன் பாட்டில் நிறம் மாறும். 1920களில் அமெரிக்காவில் மாஜோங் பித்துப் பிடித்தபிறகு பேக்கலைட் குடும்பத்துப் பிளாஸ்டிக்கில் செட்டுகள் வரத் தொடங்கின. பேக்கலைட்டை லியோ பேக்லண்ட் கண்டுபிடித்தது 1907இல். அந்தக் குடும்பத்துப் பிளாஸ்டிக்குக்கு ஒரு பழக்கம் இருக்கு: காற்றும் வெளிச்சமும் பட்டு மேற்பரப்பு ஒட்சியேற்றமடையும். வெள்ளையாகப் பிறந்தது வெண்ணெய் நிறமாகி, பிறகு தேன் நிறமாகி, கடைசியில் கருகின சீனிப்பாகு நிறத்துக்குப் போகும். ஒரே தொழிற்சாலையில் ஒன்றாக வார்த்த இரண்டு செட்டில், ஒன்று மூடின பெட்டிக்குள்ளும் மற்றது யன்னலோரத்திலும் கிடந்தால், ஐம்பது வருசத்தில் இரண்டும் அந்நியர். மினுக்கித் தேய்த்தால் மேல் தோல் போய் உள்ளே வெளிறல் தெரியும். சூடு காட்டினால் கறுக்கும். அதாவது நிறம் என்பது அந்தக் கட்டை எங்கே, எப்படி வாழ்ந்தது என்ற பதிவு. அதைப் பொருத்துவது இன்னொருவருடைய வாழ்க்கையைக் கள்ளக் கையெழுத்தில் எழுதுகிற மாதிரி.

ஆனாலும் மாஜோங்கில் அதைச் செய்யத்தான் வேண்டும், ஏனென்றால் முதுகு பொய் சொல்லக்கூடாது. நான் ஏற்றுக்கொள்கிறேன்.

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்டால், எங்களிடம் முந்நூற்றி நாலு இருக்கு. யாழ்ப்பாணத்திலும் திருமலையிலும் மட்டக்களப்பிலும் பெரியாக்கள் கடதாசி விளையாட உட்கார்ந்தால் பெரும்பாலும் அதுதான். துரும்பைக் கவிழ்த்து வைத்து ஆடுகிற ஆட்டம், ஆகவே முதுகு அங்கேயும் முக்கியம். 52 கடதாசியில் 32ஐத்தான் எடுப்போம், ஏழிலிருந்து ஆசு வரைக்கும். ஒரு ஜாக் தொலைந்தால் எங்கள் அப்பாமார் என்ன செய்தார்கள்? ஆட்டத்துக்கு வெளியே சும்மா கிடக்கிற 20இல் இருந்து ஒரு மூன்றையோ நாலையோ எடுத்து, முகத்தில் பேனையால் பெரிசாக "ஜாக்" என்று எழுதிப் போட்டார்கள். முதுகு அதே முதுகு. ஆட்டம் சுத்தம். முகத்தில் உண்மை கொட்டை எழுத்தில்.

இதே வேலையை அமெரிக்காவில் மாஜோங் ஆடின பெண்களும் செய்திருக்கிறார்கள். அங்கே 1937இல் தேசிய மாஜோங் லீக் தொடங்கினபிறகு விதிகள் அடிக்கடி மாறின. ஜோக்கர் கட்டைகள் வந்தன, தேவைப்படும் எண்ணிக்கை கூடியது. பழைய செட்டில் ஜோக்கர் இல்லை. வீட்டில் மிஞ்சிக் கிடந்த பூக்கட்டைகளின் முகத்தில் நகப்பூச்சால் அடையாளம் போட்டும் தாள் ஒட்டியும் ஜோக்கராக்கிக்கொண்டார்கள். இன்றைக்கும் பழைய செட்டுகளில் அந்தச் சிவப்பு நகப்பூச்சு ஒட்டிக்கொண்டிருக்கு. நியூயோர்க்கில் ஒரு குசினி மேசையும் திருமலையில் ஒரு திண்ணையும் ஒருத்தரை ஒருத்தர் அறியாமல் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன: ஆட்டத்துக்கு எந்தப் பக்கம் ஒன்றாக இருக்க வேணுமோ அந்தப் பக்கத்தைப் பொருத்து. மற்றப் பக்கத்தில் நடந்ததைச் சொல்.

இப்போது கரமுக்கு வாருங்கள். கரமில் என்ன மறைவு இருக்கு? ஒன்றும் இல்லை. 19 காயும் வெளிச்சத்துக்குக் கீழே பப்பரப்பா என்று கிடக்கும். நிறத்துக்கு அங்கே ஒரே ஒரு வேலைதான்: இது உன்னுடையது, இது என்னுடையது, இது ராணி என்று காட்டுவது. மஞ்சளைக் கறுப்பென்று யாரும் மயங்கப் போவதில்லை. ஆனால் எடை மாறினால் ஆட்டமே மாறும். சர்வதேசக் கரம் சம்மேளனம் 1988இல் சென்னையில் தொடங்கப்பட்டது. அதன் விதிகளைப் பார்த்தால் காயின் விட்டம் 3.02 முதல் 3.18 சென்ரிமீற்றர், தடிப்பு 7 முதல் 9 மில்லிமீற்றர், எடை 5 முதல் 5.5 கிராம். எங்கள் ஓடாவி இந்த விதியைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார். ஆனால் மாம்பழத்தை நான் அளந்து பார்த்தேன்: தடிப்பு 7 மில்லிமீற்றருக்குச் சற்று மேலே, எடை ஐந்தேகால் கிராம். 2012இல் கொழும்பில் நடந்த உலக சம்பியன்ஷிப்பில் நிஷாந்த பெர்னாண்டோ வென்ற நாடு இது. மாம்பழத்தை அந்த மேசையில் வைத்திருந்தாலும் அளவில் பிழை சொல்லியிருக்க முடியாது.

ஆக, ஓடாவிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. எது பொருந்த வேணும், எது பொருந்தத் தேவையில்லை என்பது சாமானைப் பார்த்து முடிவாகிற விசயம் இல்லை. சாமானால் என்ன செய்கிறோம் என்பதைப் பார்த்து முடிவாகிற விசயம். அவர் ஆடுகிறவர்களுக்காகக் காய் செய்தார். நான் கமராவுக்காகக் காயைக் கெடுத்தேன்.

இனி, எதிர்ப்பக்கம் சொல்லக்கூடியதைப் பார்ப்போம். இதை எழுதப்போகிறேன் என்று சொன்னதுமே நண்பர்கள் மூன்று விதமாகச் சண்டைக்கு வந்தார்கள்.

முதலாவது: "வடிவு என்று ஒன்று இல்லையா? எல்லாத்துக்கும் வரலாறு பேசிக்கொண்டிருக்க ஏலாது." வடிவு இருக்கு. எட்டு மாரி பிஸ்கட்டுக்கு நடுவில் ஒரு மாம்பழம் வடிவில்லை என்று முதலில் யார் தீர்மானித்தது? அந்த மேசையில் வளர்ந்த பிள்ளைகளில் ஒருத்தருக்கும் அது வடிவில்லாமல் தெரியவில்லை. அதற்குப் பேர் வைத்தோம், அதைக் குறிவைத்தோம், அதை விழுத்தினவனுக்குக் கைதட்டினோம். வடிவில்லை என்று தோன்றியது போனில் படமாகப் பார்த்தபிறகுதான். அப்படியென்றால் பிழை காயில் இல்லை, நான் எட்டி நின்று பார்க்கத் தொடங்கினதில் இருக்கு.

இரண்டாவது: "பழைய செட்டுக்கு மரியாதை குடுக்கிறதெண்டா அதை முந்தி இருந்த மாதிரி ஆக்க வேணும்." எந்த முந்தி? 1990க்கு முந்தியா? அந்தச் செட் கடையில் இருந்து வந்த நாளுக்கு முந்தியா? அப்படியென்றால் மற்ற எட்டையும் வெளுத்து வெள்ளையாக்க வேண்டும். நான் செய்தது அதுவும் இல்லை. புதுசை வயசாக்கி, ஒன்றுமே நடக்காத ஒரு பழசை உண்டாக்கப் பார்த்தேன். அப்படி ஒரு பழசு எங்கள் ஊரில் எந்தக் காலத்திலும் இருக்கவில்லை.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 1964இல் பழைய கட்டடங்களைப் பேணுவது பற்றி வெனிசில் எழுதின சாசனத்தின் 12ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது: தொலைந்த பாகத்துக்குப் பதிலாக வைப்பது முழுமையோடு இசைய வேண்டும், அதே நேரம் இது பழசு இல்லை என்று பிரித்தறியக்கூடியதாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திருத்துவது சாட்சியத்தைப் பொய்யாக்குவதாகிவிடும். கட்டடக் கலைஞர்கள் கூடி ஆராய்ந்து எழுதினதை எங்கள் ஓடாவி ஒரு முதிரைத் துண்டில் செய்து முடித்திருந்தார்.

சாட்சியம் என்ற சொல் பெரிசாக இருக்குதா? அப்படியென்றால் நிலையத்தில் இருந்து கோணேசர் கோயில் பக்கம் நடந்து போங்கள். போகிற வழியில் பிரெட்ரிக் கோட்டை வாசல். அங்கே கல்லில் இரண்டு மீன் செதுக்கியிருக்கும், பக்கத்தில் பழைய தமிழ்ச் சாசனம். மீன் பாண்டியர் இலச்சினை. போர்த்துக்கேயர் கட்டின கோட்டையில் பாண்டிய மீனுக்கு என்ன வேலை? 1620களில் அவர்கள் சுவாமி மலைக் கோயிலை இடித்து, அந்தக் கல்லையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள். அந்தக் கல் இந்த வாசலில் பொருந்தவில்லை. பொருந்தாததால்தான் நாங்கள் ஏன் என்று கேட்கிறோம். கட்டினவன் கொஞ்சம் "வடிவு" பார்த்து, மீனைச் செதுக்கித் தள்ளி, சுண்ணாம்பு பூசி எல்லாக் கல்லையும் ஒரே நிறமாக்கியிருந்தால் ஒரு சாட்சி வாய் மூடியிருக்கும். 1950இல் நகரத்துக்குள் கிணறு தோண்டும்போது நிலத்துக்குள் இருந்து பழைய செப்புத் திருமேனிகள் வந்தன. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கடலுக்கடியில் தூண்களைக் கண்டார்கள். 1963இல் புதுக் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. புதுச் சுவர் புதுச் சுவராகவே நிற்கிறது, உள்ளே பழைய திருமேனி பழைய திருமேனியாகவே இருக்கிறது. இரண்டும் ஒரே வயசு என்று யாரும் நடிக்கவில்லை. அந்த இடைவெளிதான் எங்கள் வரலாறு. அதை நிரப்பிச் சமன்படுத்தினால் இடிபட்டதே இல்லை என்று சொல்லுகிறவனுக்கு நாங்களே சாந்து குழைத்துக் கொடுக்கிறோம்.

ஒரு கரம் காயையும் கோணேசர் கோயிலையும் ஒரே தட்டில் வைக்கிறேனா என்று கேட்காதீர்கள். வைக்கவில்லை. ஆனால் பழக்கம் ஒரே பழக்கம். சின்னச் சாமானில் தழும்பை மறைத்துப் பழகின கைக்குப் பெரிய சாமானில் கூச்சம் வராது.

மூன்றாவது வாதம் காசு. "முழுச் செட் எண்டாத்தான் விலை." உண்மை. மாஜோங் செட்டாக இருந்தாலும் பழைய அலுமாரியாக இருந்தாலும் முழுமைக்கு விலை கூட. அதனால்தான் இரண்டு உடைந்த செட்டைச் சேர்த்து ஒன்றாக்கி, நிறம் பொருத்தி, "ஒரிஜினல்" என்று விற்கிற வியாபாரம் உலகம் முழுக்க நடக்குது. சேர்த்ததில் பிழை இல்லை. சேர்த்ததைச் சொல்லாமல் விற்பதில்தான் பிழை. நேர்மையான வியாபாரி இன்ன கட்டை மாற்றினது என்று எழுதிக் கொடுத்துத்தான் விற்பார். நிறம் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துதோ அவ்வளவுக்கு அந்தத் துண்டுச் சீட்டு அவசியம். சீட்டில்லாத கச்சிதம் களவு.

இப்போது எங்கள் ஊரில் இந்த "வின்ரேஜ்" மோகம் வேறு வந்திருக்கு. கடற்கரைப் பக்கம் சுற்றுலாப் பயணிகளுக்கென்று திறக்கிற இடங்களின் சுவரில் பழைய துடுப்பு, பழைய வானொலி, பழைய தராசு. கிட்டப் போய்ப் பார்த்தால் துடுப்பு போன மாதம் செய்தது, தேய்த்துப் பழசாக்கினது. அந்தத் துடுப்பு ஒரு நாளும் தண்ணி கண்டதில்லை. உண்மையான கடற்றொழிலாளியின் வள்ளத்தில் ஏறிப் பாருங்கள். ஒட்டுப்போட்ட இடம் வேறு நிறத்தில் பளிச்சென்று தெரியும். அவனுக்கு அதை மறைக்க நேரமும் இல்லை, காரணமும் இல்லை. ஒட்டு தண்ணி விடாமல் இருந்தால் போதும்.

இதற்கு மறுபக்கம் ஒரு வியாதியும் இருக்கு, அதையும் சொல்லிவிட வேணும். உடைந்த கோப்பையைத் தங்கப்பொடி போட்டு ஒட்டுகிற யப்பானியக் கலையைப் பற்றி ஒரு படத்தைப் பகிர்ந்து, "காயங்களே அழகு" என்று எழுதுகிற கூட்டம். அந்தக் கலையில் பிழை இல்லை. ஆனால் மாம்பழத்தைச் சுற்றித் தங்கக்கோடு இழுத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, "போரின் சாட்சி" என்று கீழே எழுதினால் அதுவும் கமராவுக்குச் செய்கிற வேலைதான். ஓடாவி அதை மறைக்கவும் இல்லை, கொண்டாடவும் இல்லை. ஆட்டம் நடக்கட்டும் என்று செய்து கொடுத்திட்டுப் போனார். அந்த நிதானம் எனக்கு இன்னும் வரவில்லை, ஆனால் அது எது என்று இப்போது தெரியும்.

ஆகவே என் நிலைப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன், சண்டை பிடிக்க வசதியாக இருக்கட்டும். பழைய சாமானில் ஒரு துண்டை மாற்றுகிறீர்களா? அது செய்ய வேண்டிய வேலையை மற்றத் துண்டுகளோடு சமமாகச் செய்யும்படி முதலில் மாற்றுங்கள். எடையா, தடிப்பா, முதுகா, எதுவோ அது கச்சிதமாக இருக்க வேணும், அங்கே சோம்பல் கூடாது. நிறம் மாறினால் யாராவது ஏமாற்றப்படுவார்கள் என்றால் நிறத்தையும் பொருத்துங்கள். பொருத்தினதை எழுதி வையுங்கள். யாரும் ஏமாற்றப்பட மாட்டார்கள் என்றால் தயவுசெய்து கையை எடுங்கள். அதோடு, திரும்பிப் பழைய நிலைக்கு வர ஏலாத எதையும் செய்யாதீர்கள். இந்தக் கடைசி வரியை எழுத எனக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி செலவானது.

மாம்பழம் இப்போது எப்படி இருக்கு என்று கேட்பீர்கள். ஓடாவி உயிரோடு இல்லை. நானே மெல்லிய அரத்தாள் வாங்கி, நார் படியும் வரைக்கும் இரண்டு நாள் தேய்த்தேன். நிறுத்துப் பார்த்தால் ஐந்து கிராமும் ஒரு சொட்டும். மயிரிழையில் தப்பினது. முகம் இரண்டிலும் மஞ்சள் திரும்பி வந்தது. ஓரத்தில் மட்டும் தேத்தண்ணிக் கறை போகவில்லை, போகவும் மாட்டாது. அதுக்கு மேலே தேய்த்தால் எடை போயிடும்.

தகரப் பெட்டியின் மூடிக்குள் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். "வெள்ளை 9. அதில் 1 முதிரை, 1990க்குப் பிறகு செய்தது. ஓரத்துக் கறை தேத்தண்ணி, போன வருசம்." பெரியப்பா கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, கறை போட்ட ஆளின் பேரையும் எழுதச் சொன்னார். எழுதினேன்.

ஞாயிறு பின்னேரம் மேசை காலியாகத்தான் இருக்கும். வாருங்கோ, மாம்பழத்தை விழுத்திப் பார்ப்பம்.